இருபத்திரண்டு லட்சத்துச் சொச்சம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் நலமில்லை; ஆனால் அது என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி நாளாயிற்று, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உன் இருமல் எப்படி? அச்சகத்தில் மை வாடை ஏறாமல் மூக்கில் கட்டிக்கொள் என்று நான் தைத்து அனுப்பிய துணிகளால் நீ ரசீதுக்கு எண் அடிக்கிற சக்கரங்களைத் துடைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மறுக்காதே.

முதலில் ஒரு புகார். உறையின் மேல் என் வில்லை எண்ணைத் தெளிவாக எழுது. இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தபாலைப் பேர் பார்த்துப் பிரிப்பதில்லை. சட்டையில் குத்தியிருக்கிற பித்தளை வில்லையின் எண்தான் விலாசம். நான் 1087. நீ போன தடவை கிறுக்கியது 1081. அது துவைக்கும் பிரிவில் இருக்கும் ஒரு மகராசி. அவள் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சு மேல் ஏறி, "யாருக்கோ தம்பி மாடியில ரூம் கட்டியிருக்காராம்! ஜன்னல் கிழக்கே பாத்து இருக்காம்! யாருடி அந்த அதிர்ஷ்டக்காரி?" என்று ஏலம் விட்டாள். நான் கை தூக்க வேண்டியதாயிற்று.

செப்டம்பர் கடைசியில் எனக்கு ஓய்வு. பெட்டி ஒன்று, தையல் மிஷின் ஒன்று, வேலை செய்கிற முழங்கால் ஒன்று. இவ்வளவோடு உன் மாடிக்கு வந்து சேர்வேன்.

இன்னொரு விஷயம். நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற பாய்லர்க்காரர் இருக்கிறாரே, நேற்று நாலு மணி டீக்கு என் தையல் மேசைப் பக்கம் வந்து ஒரு ரோஸ் சீட்டை நீட்டினார். போர்வைக் கட்டில் கட்டுகிற சீட்டு. பின்பக்கம் பென்சிலில் 22,16,393 என்று எழுதியிருந்தது.

"என்னங்க இது, போன் நம்பரா?"

"இல்லீங்க தையலம்மா. இதை உடைச்சுப் பாருங்க."

"நான் கிழிஞ்சதை ஒட்டுற ஆளு. என்கிட்ட போய் உடைக்கச் சொல்றீங்களே?"

"செப்டம்பருக்குள்ள உடைஞ்சா வந்து சொல்லுங்க. உடையலைன்னா பரவால்ல. நான் மறுபடி கேக்க மாட்டேன்."

போய்விட்டார். புது பாய்லர் வருகிறதாம், அதற்கு ஆள் வேண்டாமாம். அவருக்கும் செப்டம்பரோடு வேலை முடிகிறது. சின்ன வயதில் பஸ் டிக்கெட் எண்ணையெல்லாம் உடைத்துக் காட்டிப் பீற்றிக்கொள்வாயே, இதையும் உடைத்துக் கொடு. ஆள் ஒரு மாதிரி தீவிரமாகக் கேட்டார்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பியின் வணக்கம். இருமல் நலமாக இருக்கிறது. என்னைத்தான் பாடாய்ப் படுத்துகிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஊரையே துவைக்கிற வெந்நீர் அங்கே ஓடுகிறது, ஒரு குவளை கேட்டால் தர மாட்டார்களா?

1081-க்கு மன்னிப்பு. ஆனால் எண்களின் குணத்தைப் பார். 1081 உடைந்துவிடும்: 23-ஐ 47-ஆல் பெருக்கினால் 1081. உன் 1087 உடையாது. ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது. பகா எண். என்னைப் போல. ஐம்பத்து நாலு வயது, வீட்டில் நான் ஒருத்தன், என்னைச் சரிபாதியாகப் பிரிக்க யாரும் வரவில்லை. இதை அச்சகத்தில் சொன்னேன். "யாரும் வரலைங்கிறதை இவ்வளவு கௌரவமா சொல்ல உங்களாலதான் முடியும்ணே" என்றார்கள்.

உன் பாய்லர்க்காரரின் எண்ணை மேலோட்டமாகத் தட்டிப் பார்த்தேன். ஒற்றைப்படை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 26, அதனால் 3 ஒத்துவராது. 7-ஆல் வகுத்தால் மீதி 4. 11-உம் இல்லை. 13-ஆல் மீதி 10. 17-ஆல் வகுத்தால் மீதி வெறும் 1, மயிரிழையில் தப்பித்தது. இப்படி 1488 வரைக்கும் பார்த்தால் போதும், அதற்குள் உடையாவிட்டால் அது உடையவே உடையாது. அதுவரை 236 பகா எண்கள் இருக்கின்றன. பொறு. வழி எழுதாத விடையை நான் தர மாட்டேன், உனக்கே தெரியும்.

நான் தப்பாகச் சொன்னது ஆயுசுக்கும் ஒரே ஒரு எண்தான் என்பதையும் நீயே இன்னொரு தடவை சொல்லிக் காட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: 91. ஒன்பது வயதில் பகா எண் என்று அடித்துச் சொன்னேன். நீ "ஏழு பதிமூணு எவ்வளவுடா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தாய். கடைசியில் எனக்கு வாய்த்த வீட்டின் கதவு எண்ணும் 91. தினமும் பூட்டும்போது அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, உன்னை மாதிரியே.

மாடி ஜன்னலுக்குக் கொக்கி போட்டாயிற்று. வண்ணம் என்ன வேண்டும்?

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சுகம் என்று எழுது, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

எண் என்ன ஆயிற்று? அவசரம் ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன்.

பாய்லர்க்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சொன்ன சொல் தவறாத மனிதர். அவரைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை அல்லவா? சொல்லும்படி ஒன்றும் இல்லை. பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். மனைவி போய் ஒன்பது வருடம். சட்டை எப்போதும் துவைத்த சட்டை, ஆனால் காலர் பித்தான் மட்டும் தப்பான ஓட்டையில். போன வாரம் பொறுக்காமல், "அதைக் கழட்டிச் சரியாப் போடுங்க, பாக்கிற என் கண்ணு கோணிக்குது" என்றேன். மறுநாள் சரியாகப் போட்டு வந்தார். அதற்கு மறுநாள் மறுபடி தப்பு. "ஏங்க?" என்றால், "நேத்து நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்கிறார். இது என்ன பதில்?

என் இஸ்திரிப் பெட்டிக்கு நீராவி சரியாக வரவில்லை என்று ஒரு தடவைதான் சொன்னேன். குழாய் முழுவதையும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது முழங்கால். எனக்கு வலது. "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆள் நடக்கலாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் யோசிக்கிற மனிதரை என்ன செய்வது?

எதற்கோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். வண்ணம் நீலம் போடு. வெளிர் நீலம், ஆஸ்பத்திரி நீலம் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

அந்த எண் உடையாது. பகா எண்.

மாடிக்கு வெளிர் நீலம் அடித்தாயிற்று. இரண்டு பூச்சு. அச்சகத்தில் வேலை அதிகம்.

தம்பி

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதி நான் பார்த்ததில்லை. காய்ச்சலா? மறைக்காமல் எழுது.

விடையை அவரிடம் சொல்லிவிட்டேன். பாய்லர் அறை வாசலில் நின்று, உள்ளே சத்தம் அதிகமாக இருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"உடையாதாம்! பகா எண்ணாம்! தம்பி சொல்லிட்டான்!"

வெளியே வந்தார். கையை ரொம்ப நேரம் துடைத்தார், இல்லாத எண்ணெயை எல்லாம் சேர்த்து.

"தம்பியே சொன்னாரா?"

"அவன் எண் விஷயத்துல தப்புப் பண்ண மாட்டாங்க."

"அப்படின்னா சரிதான்" என்றார். "உங்க தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்." உள்ளே போய்விட்டார்.

விளையாட்டுக்குக் கொடுத்த கணக்குக்கு ஏன் அந்த முகம் என்று எனக்கு விளங்கவில்லை. நாலு மணி டீ இப்போது அவருக்குப் பதில் கேன்டீன் ஆள் கொண்டுவந்து வைக்கிறார். நல்ல டீதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. 1081-இடமும் போய்க் கேட்டேன். "உங்க தம்பி எனக்கும் எழுதறதில்லைக்கா" என்று கண்ணைத் துடைத்துக் காட்டுகிறாள், கொழுப்பெடுத்தவள்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்திருக்கிறது. சொன்னால் சிரிப்பாய். அந்த இருபத்திரண்டு லட்சத்துச் சொச்சத்தை நானே வகுத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை. நீ வழி எழுத மறந்துவிட்டாயே, அதனால். பழைய ரோஸ் சீட்டுகளின் பின்பக்கத்தில், ஒரு நாளைக்கு மூன்று பகா எண். நான் கணக்கில் எப்படி என்று உனக்குத் தெரியும். 19-ஆல் மூன்று தடவை வகுத்து மூன்று மீதி வாங்கினவள் நான். இப்போது தேறிவிட்டேன். 613 வரை வந்துவிட்டேன். ஒன்றும் உடையவில்லை. நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

பாய்லர்க்காரரின் காலர் பித்தான் தினமும் சரியான ஓட்டையிலேயே இருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.
அக்கா

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். எண் சக்கரம் ஒன்று பல் உடைந்து, ரசீதுப் புத்தகம் முழுவதும் 4-க்கு அடுத்து 6 என்று அடித்துவிட்டது. ஆறாயிரம் தாள். அதைச் சரிபார்த்ததில் பொழுது போய்விட்டது.

மாடிப்படியில் உன் முழங்காலுக்காகக் கைப்பிடி வைத்திருக்கிறேன். அலமாரிக்கு உள்பக்கமும் நீலம் அடித்தேன். ஜன்னல் ஓரத்தில் தையல் மிஷின் வைக்க அளவெடுத்துவிட்டேன். சமையலுக்கு இன்னொரு பெரிய பாத்திரம் வாங்கியிருக்கிறேன். என்னுடையது ஒரு ஆள் பாத்திரம்.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. வகுப்பதை விட்டுவிடு. எதற்கு வீண் வேலை.

தம்பி

ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கண்ணாடி மாற்றிக்கொண்டேன். புதுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பழைய கண்ணாடியே மேல் என்று முடிவு செய்தேன்.

நீ சொன்னபடி வகுப்பதை நிறுத்திவிட்டேன். 2 என்று ஆரம்பித்து, வரிசையாக நூற்று எண்பத்தொன்றாவது பகா எண்ணோடு நிறுத்தினேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

கைப்பிடி வைத்ததாக எழுதியிருந்தாய். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

உனக்கு ஏதாவது எழுதத் தோன்றினால் எழுது. தோன்றுகிறபோது எழுது. நான் எங்கேயும் போய்விடவில்லை.

என்றும் உன் அக்கா

ஆகஸ்ட் 9

அக்கா,

நலமெல்லாம் பிறகு.

உன் கடிதம் வந்ததும் பகா எண் பட்டியலை எடுத்து விரல் வைத்து எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். நூற்று எண்பத்தொன்றாவது பகா எண் 1087.

உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மார்ச் 29 அன்றே கண்டுபிடித்துவிட்டேன். வழி எழுதுகிறேன், நான்கு மாதம் தாமதமாக. உன்னைப் போல வகுக்கவில்லை. ஒரு எண்ணை வர்க்கமாக்கி, அதிலிருந்து பாய்லர்க்காரரின் எண்ணைக் கழித்து, மிச்சமும் ஒரு முழு வர்க்கமாக வருகிறதா என்று பார்ப்பது என் வழி. 1489-இல் ஆரம்பித்தேன். எழுபத்தைந்தாவது முயற்சி 1563. அதன் வர்க்கத்தில் கழித்தால் மிச்சம் 2,26,576. அது 476-இன் வர்க்கம். பிறகென்ன, 1563-இல் 476-ஐக் கழித்தால் ஒரு காரணி, கூட்டினால் இன்னொன்று. 1087, 2039. இரண்டுமே பகா எண்கள். அந்த எண்ணுக்குள் இந்த இரண்டு பேர்தான். வேறு எந்த விதமாகவும் அதை உடைக்க முடியாது.

அப்போது உனக்கு அனுப்ப உறை எழுதி வைத்திருந்தேன். உறையிலும் 1087, தாளிலும் 1087. மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 2039 யார் என்பது உன் ஏப்ரல் கடிதத்தில் தெரிந்தது. எண்ணைப் பற்றி ஒரு வரி, பித்தானைப் பற்றி ஒரு பக்கம். நீ உன்னையே படித்துப் பார்ப்பதில்லை அக்கா.

நீ அவரோடு போய்விடுவாய், மாடி காலியாகவே இருக்கும் என்று நினைத்தேன். பகா எண் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்ததெல்லாம் சும்மா. அது ஒரு ஆள் பாத்திரத்தில் சமைத்து, நின்றுகொண்டே சாப்பிடுகிற சமாச்சாரம். அதற்காக உன் எண்ணை இல்லாததாக்கிவிட்டேன். ஒன்பது வயதில் ஒரு எண்ணைத் தெரியாமல் தப்பாகச் சொன்னேன். இதைத் தெரிந்தே சொன்னேன்.

செப்டம்பர் முடியவில்லை. போய் அவரிடம் சொல். தம்பி பொய் சொன்னான் என்றே சொல்.

மாடியைப் பற்றி யோசிக்காதே.
தம்பி

ஆகஸ்ட் 17

அன்புள்ள மக்குத் தம்பிக்கு,

அக்கா நலம். மிகவும் நலம். முழங்கால்கூட என்னோடு பேச ஆரம்பித்துவிட்டது.

உன் கடிதத்துக்காக அவரைக் காக்கவைத்திருப்பேன் என்று நினைத்தாயா? மீதி பூஜ்யம் என்று வந்த நிமிஷமே எழுந்துவிட்டேன். வகுத்த எண்ணைப் பார்க்கிறேன், குனிந்து என் வில்லையைப் பார்க்கிறேன், வில்லை தலைகீழாகத் தெரிகிறது, கழற்றி நிமிர்த்திப் பார்க்கிறேன். மடியில் கிடந்த போர்வையோடேயே பாய்லர் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் வேகத்தில்.

அவர் சட்டையைப் பார்த்தேன். 2039. பதினோரு வருடமாக என் கண்ணுக்கு நேரே தொங்கியிருக்கிறது தம்பி. நான் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உடைஞ்சிருச்சுங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் பக்கத்துப் பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரவைத்தார். "நம்ம ரெண்டு நம்பரும் உடையாதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே பாத்துட்டேன். பெருக்கிப் பாக்குற தைரியம் வர்றதுக்குத்தான் இவ்வளவு நாளாச்சு."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க சிரிச்சிருப்பீங்க."

சிரித்திருப்பேன்தான். அப்புறம் தம்பி ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டார். மாடி அறையைச் சொன்னேன். நீலத்தைச் சொன்னேன், கைப்பிடியைச் சொன்னேன். "கைப்பிடி வைக்கிற ஆளு கெட்டவரா இருக்க முடியாது" என்றார்.

உனக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி. நானாகக் கேட்டு நீ ஒப்புக்கொள்வது வேறு, நீயாகச் சொல்வது வேறு. உன்னைப் பொய்க்காரன் என்று நினைத்துக்கொண்டு உன் வீட்டுப் படி ஏற என்னால் முடியாது.

ஆமாம், ஏறத்தான் போகிறேன். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "அவர் வீட்டுக் கதவு நம்பர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். பென்சிலை எடுத்தார். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பதும் அவர் கைதான். பதிலை நீ சொல்ல வேண்டுமாம். இந்தத் தடவை வழி எழுதச் சொன்னார்.

உன் அக்கா

(ரோஸ் சீட்டின் பின்பக்கம், பென்சிலில்)

20,16,91,763
இதில் மூன்று பேர் இருக்கிறோம். மூவரும் உடையாதவர்கள். சம்மதமா?

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கும் பாய்லர்க்காரர் அத்தானுக்கும்,

தம்பியின் வணக்கம். இங்கு எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான்.

சீட்டு கிடைத்தது. அத்தான் கேட்டபடி வழி எழுதுகிறேன். உன் 1087-ஆல் வகுத்தேன், போயிற்று. அவருடைய 2039-ஆல் வகுத்தேன், போயிற்று. மிச்சம் 91.

அங்கேதான் ஒரு சிக்கல். அத்தானிடம் பக்குவமாகச் சொல். 91-ஐப் பகா எண் என்று நினைத்துவிட்டார். மூன்று பேர் இல்லை. ஏழும் பதிமூன்றுமாக அது இரண்டாகப் பிரியும். கீழே ஒன்று, மாடி ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கேயே குடியிருக்கிற எனக்கே இத்தனை வருடம் ஆயிற்று.

நீ ஒரு வாரம் சிரிப்பாய் என்று தெரியும். அவரைப் பார்த்துச் சிரி. நாற்பத்தைந்து வருடமாக நான் ஒருத்தனே தாங்கிக்கொண்டிருந்தேன். 91-இல் ஏமாறுகிற இன்னொரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அச்சகத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் மூக்கைச் சிந்தினேன். உன் துணியில்தான். சக்கரம் துடைத்த துணி, முகமெல்லாம் மை.

அத்தானுக்கு இடது முழங்கால் என்று எழுதியிருந்தாய். உன்னுடையது வலது. படியின் மறுபக்கத்திலும் இன்று ஒரு கைப்பிடி அடித்துவிட்டேன்.

தம்பி